அணிவகுப்பு பயோனெட்டைத் துலக்காதீர்கள்

ஜெர்மன் பயோனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) சேர்க்க ஆசையா? கே.எஸ். 98-இல் தொடங்குங்கள். 1930-களில் சிப்பாய்கள் அணிவகுப்புக்கும் விடுமுறை நாளில் வெளியே போகவும் சொந்தக் காசில் வாங்கி இடுப்பில் மாட்டியது. பெரும்பாலானவை துப்பாக்கியில் பொருந்தாது. பிடியின் முனையில் துப்பாக்கியில் மாட்டுவதற்கென்று இருப்பதுபோன்ற காடி (பள்ளம்) வெறும் அலங்காரம், அதற்குள் சிவப்புக் கம்பளித் துணி இருக்கும். நான் முதலில் பார்ப்பது அந்தத் துணியைத்தான். புத்தம் புதிதாகப் பளிச்சென்று இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அப்புறம் அலகின் அடியில் தயாரித்த நிறுவனத்தின் முத்திரை. அணில் என்றால் ஐக்ஹோர்ன், தராசு என்றால் அல்கோசோ. இரண்டும் ஜெர்மனியின் சோலிங்கன் ஊர் நிறுவனங்கள். அலகில் ‘என் சேவைக்கால நினைவாக’ என்று ஜெர்மனில் பொறித்திருந்தால் விலை ஏறும். அதனாலேயே பிற்காலத்தில் பொறித்து விற்பவர்களும் உண்டு. லென்ஸ் இல்லாமல் வாங்காதீர்கள்.

என் முதல் கத்தியை, குத்துவிளக்கு துலக்குவதுபோல பாலிஷ் போட்டுத் தேய்த்தேன். நிக்கல் பூச்சு போயே போய்விட்டது, பாதி விலைக்குக்கூட யாரும் கேட்கவில்லை. மென்மையான துணி, கொஞ்சம் மெழுகு போதும். உறையை இடுப்புப் பட்டையில் தொங்கவிடும் தோல் மாட்டியைக் கழற்றித் தனியே வையுங்கள். தோல் ஈரம் இழுத்து உறையைத் துருப்பிடிக்க வைக்கும்.