காமெட் ஜன்னல் கதையும் இன்னும் சில தப்புகளும்

போருக்கு அப்புறம் பிரிட்டன்ல நடந்த இன்ஜினியரிங் பத்தி எழுத உக்கார்ற பலரும் முதல்ல வழுக்குற இடம் காமெட் விமானம். "சதுர ஜன்னல் வெச்சாங்க, மூலையில விரிசல் விட்டு வெடிச்சிருச்சு"ன்னு ஒரே வரியில கதைய முடிச்சிர்றாங்க. அப்படி எழுதாதீங்க.

1952 மே மாசம் லண்டன்ல இருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்கு பயணிகள ஏத்திட்டுப் போன முதல் ஜெட் இதுதான், ஆனா 1954 ஜனவரியில இத்தாலியோட எல்பா தீவுகிட்ட ஒண்ணு, ஏப்ரல்ல நேப்பிள்ஸ் பக்கம் இன்னொண்ணு, ரெண்டும் நடுவானத்துலயே சிதறிப் போச்சு. உடனே பிரிட்டன்ல ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்துல ஒரு காமெட்டோட உடம்ப தண்ணித் தொட்டியில வெச்சு, கேபினுக்குள்ளயும் தண்ணிய நிரப்பி, ஒவ்வொரு ஃப்ளைட்லயும் நடக்குற மாதிரி பிரஷர ஏத்தி எறக்கி ஏத்தி எறக்கிப் பார்த்தாங்க (காத்துன்னா குண்டு மாதிரி வெடிச்சு தடயமே மிஞ்சாது, தண்ணின்னா கிழிஞ்ச இடம் அப்படியே கிடைக்கும்). கிட்டத்தட்ட 3,000 ஃப்ளைட் கணக்கு வந்தப்போ கேபின் கிழிஞ்சது. ஆனா எல்பா கடல்ல இருந்து எடுத்த துண்டுல விரிசல் ஆரம்பிச்சது பயணி ஜன்னல்ல இல்ல, கூரையில ரேடியோ ஆன்டெனாவுக்கு வெட்டின ஓட்டைகிட்ட. பயணி ஜன்னல் மூலையும் வளைவாத்தான் இருந்துச்சு.

டெஸ்ட்டே பண்ணலன்னு சொல்றதும் தப்பு. காமெட்ட கட்டின கம்பெனி ஒரு கேபின் துண்ட வெச்சு பண்ணாங்க, ஆயிரக்கணக்கான தடவ தாங்குச்சு. ஆனா அந்த துண்டுக்கு டெஸ்ட்டுக்கு முன்னாடியே வழக்கத்த விட ரெட்டிப்பு பிரஷர் குடுத்திருந்தாங்க, அதுல ஓட்டை ஓரத்து உலோகம் இறுகி, நிஜத்த விட ஆயுச கூட்டிக் காட்டிருச்சு. அதோட காமெட் செத்துப்போச்சுன்னும் முடிக்காதீங்க, 1958 அக்டோபர்ல போயிங் 707க்கு முன்னாடியே அட்லாண்டிக் தாண்டி பயணிகள கொண்டு போனது காமெட் 4.

கம்ப்யூட்டர் பக்கம் வந்தா, போர்க்காலத்துல ஜெர்மன் ரகசியச் செய்திகள உடைக்கக் கட்டின கொலோசஸ் மெஷின கணித மேதை ஆலன் ட்யூரிங் கட்டினார்னு எழுதுறதும் தப்பு. கட்டினது போஸ்ட் ஆபீஸ் இன்ஜினியர் டாமி ஃப்ளவர்ஸ். 1970கள் வரைக்கும் அது ரகசியம், அதனால பழைய புக்ஸ்ல அமெரிக்காவோட எனியாக்தான் முதல் எலக்ட்ரானிக் கம்ப்யூட்டர்னு இருக்கும், அத அப்படியே காப்பி அடிக்காதீங்க.

1956ல ராணி திறந்து வெச்ச கால்டர் ஹால், கரண்டுக்காக மட்டும் கட்டின அணு உலை இல்ல, அணுகுண்டுக்கு புளூட்டோனியம் எடுக்குறதுதான் அப்போ முக்கிய வேலை.

பிரிட்டனோட பிளாக் ஆரோ ராக்கெட் கதையில எது முதல்ல நடந்துச்சுங்குற வரிசைய மாத்தி எழுதிர்றாங்க. சாட்டிலைட் வெற்றியா போன பிறகு திட்டத்த நிறுத்தல, 1971 ஜூலையிலயே நிறுத்தியாச்சு, ராக்கெட் ஏற்கெனவே ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியிருந்ததால அக்டோபர்ல விட்டாங்க, புராஸ்பரோ சாட்டிலைட் சுத்துப்பாதைக்கு போயிருச்சு.