"பரிசீலனையில் உள்ளது" என்ற குரலை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்த தம்பிகளுக்கு

ஊரில் ஒரு மனு கொடுத்தால் என்ன செய்வோம்? இரண்டு வாரம் பொறுப்போம். அப்புறம் ஒருநாள் காலையில் கிளம்பி ஆபீசுக்கே போய் நிற்போம். தெரிந்த ஆள் ஒருவரைப் பிடித்து, "உங்க ஃபைல் அந்த மேசையிலதான் இருக்கு" என்று ஒருத்தர் வாயால் கேட்ட பிறகுதான் பஸ் ஏறுவோம். இங்கே வந்ததும் அந்தப் பழக்கம் விட்டுப்போகிறது. போனில் நான்கு எண்ணை அழுத்தினால் ஒரு குரல் பதில் சொல்லிவிடுகிறது. வேலை முடிந்து விடுதிக்கு வர இரவு ஒன்பது ஆகிறவனுக்கு அது பெரிய வசதிதான். அந்த வசதியே எங்கள் ஊர்க்காரத் தம்பி ஒருவனுக்கு ஆயிரத்து அறுநூறு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் இழப்பு வைத்தது. அவனுக்கு அந்த எண்ணைக் கொடுத்து, எப்படி அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் வேலையிடக் காய இழப்பீடு. வந்த புதிதில் யாரும் இதை யோசிப்பதில்லை, யோசிக்க மனமும் வராது. ஆனால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை அனுமதிச் சீட்டோ எஸ் பாஸோ, எதில் வந்திருந்தாலும் இந்தச் சட்டம் உங்களுக்கும் உண்டு. வீட்டு வேலைக்கு வந்த அக்காமார் மட்டும் இதில் வரமாட்டார்கள், அவர்களுக்கு முதலாளி தனியாகக் காப்பீடு எடுக்க வேண்டும். விபத்து யார் தவறு என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. அடிபட்ட அன்றே சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி எழுதிப் படத்தோடு அனுப்பிவிடுங்கள். டாக்டரிடம் "வேலையில் அடிபட்டது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். கம்பெனி தனக்குத் தெரியவந்த 10 நாட்களுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும், கோரிக்கை வைக்க உங்களுக்கு ஓராண்டு இருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவு கம்பெனியுடையது. எம்சி, அதாவது டாக்டர் எழுதித் தரும் மருத்துவ விடுப்பு நாட்களுக்குச் சம்பளமும் உண்டு. வெளிநோயாளி எம்சி என்றால் முதல் 14 நாட்களுக்கு முழுச் சம்பளம், ஆஸ்பத்திரி விடுப்பு என்றால் 60 நாட்கள் வரை முழுச் சம்பளம், அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு. இதெல்லாம் பெரும்பாலும் ஒழுங்காக நடக்கும். நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு வரும் கட்டம்.

தம்பி அறந்தாங்கிப் பக்கம். கட்டுமான வேலை. கம்பி வெட்டும்போது இடது கை ஆட்காட்டி விரலின் நுனி போய்விட்டது. விரல் ஆறியபின் டாக்டர் பார்த்து எவ்வளவு சதவீதம் நிரந்தர இழப்பு என்று எழுதுவார். இதைத்தான் விடுதியில் எல்லோரும் "பாயின்ட்" என்கிறார்கள். அவனுக்கு மூன்று பாயின்ட். அந்தச் சதவீதத்தை வைத்துக் காப்பீட்டு நிறுவனம் கணக்குப் போட்டு ஒரு அறிவிப்பு அனுப்பும். எந்த நிறுவனம் என்று நான் சொல்லப்போவதில்லை. அதன் எண்ணுக்கு அழைத்தால் இயந்திரக் குரல் வரும். கோரிக்கை எண்ணை அழுத்தினால் நிலவரம் சொல்லும். ஆங்கிலமும் சீனமும்தான், தமிழ் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில் எதை அழுத்த வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

அவன் வாரத்துக்கு இரண்டு முறை அழைத்தான். ஒவ்வொரு முறையும் அதே ஒரு வரி: உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. ஊரில் அவன் அம்மா தினமும் ராத்திரி கேட்பார், "என்னப்பா சொன்னாங்க?" அவனும் நல்ல பிள்ளையாய், "நடந்துக்கிட்டு இருக்கும்மா, இன்னிக்குக்கூடக் கேட்டேன்" என்பான். கேட்டதென்னவோ உண்மைதான்.

இதற்கு நடுவே கம்பெனி அவனைச் சுங்கை காடுட்டிலிருந்து துவாஸ் விடுதிக்கு மாற்றிவிட்டது. கணக்கீட்டு அறிவிப்பு பழைய விடுதி முகவரிக்குப் போய், அங்கே அலுவலகத்தில் ஒரு பெட்டியில் கிடந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் சந்தித்தபோது, பழைய அறைத்தோழன் கொண்டுவந்து கொடுத்தான் என்று சொல்லி உறையை நீட்டினான். டீயைக் கீழே வைத்துவிட்டுப் படித்தேன். தேதியைப் பார்த்தேன். இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

அந்த அறிவிப்புக்கு ஆட்சேபம் சொல்ல உங்களுக்கு இருப்பது 14 நாட்கள். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் அந்தத் தொகையே முடிவு. அந்த 14 நாளும் இயந்திரக் குரல் "பரிசீலனையில் உள்ளது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அது பொய் சொல்லவில்லை. பணம் இன்னும் போகவில்லை, அதனால் கோரிக்கை முடியவில்லை, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். "தம்பி, கடிதம் போயிருக்கிறது, நாள் ஓடுகிறது" என்று அது சொல்லாது. ஊரில் மேசைக்குப் பின்னால் இருக்கும் எரிச்சல் பிடித்த கிளார்க்குகூட அதைச் சொல்லியிருப்பார்.

ஆட்சேபிக்க என்ன இருந்தது என்று கேட்பீர்கள். சராசரி மாதச் சம்பளம். இழப்பீட்டுக் கணக்கு இதுதான்: சராசரி மாதச் சம்பளம், அதை வயதுக்கான எண்ணால் பெருக்க வேண்டும், அதை இழப்புச் சதவீதத்தால் பெருக்க வேண்டும். 40 வயதும் அதற்குக் குறைவும் என்றால் அந்த எண் 181. அறிவிப்பில் அவன் சம்பளம் 700 வெள்ளி என்று இருந்தது, அடிப்படைச் சம்பளம் மட்டும். சட்டப்படி ஓவர்டைமும் சேர வேண்டும். ஞாயிறுகூடப் பார்க்காமல் உழைத்தவன் அவன், விபத்துக்கு முந்தைய 12 மாதத்துக்குச் சராசரி பார்த்தால் 1,000 வெள்ளி வந்தது. 1,000 என்று போட்டிருந்தால் 5,430 வெள்ளி. 700 என்று போட்டதால் 3,801. வித்தியாசம் 1,629 வெள்ளி. தங்கை கல்யாணத்துக்கு என்று அவன் மனதில் ஒதுக்கி வைத்திருந்த பணம் அது. ஓவர்டைம் விவரத்தோடு சம்பளச் சீட்டு பன்னிரண்டும் அவன் பெட்டியில் பத்திரமாக இருந்தன. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே தானியங்கிச் சேவையைப் பயன்படுத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வாரம் ஒருமுறையாவது ஆளோடு பேசுங்கள். மெனுவில் அதிகாரியோடு பேசும் எண் கடைசியில்தான் வரும், பாதியில் வைத்துவிடாதீர்கள். பகலில் பேச முடியாது என்றால் எம்சி நாளிலோ கிளினிக் போகும் நாளிலோ பேசுங்கள். ப்ரீபெய்ட் கார்டில் காசு போதுமா என்று முதலில் பாருங்கள், காத்திருக்கும் இசையிலேயே அது தீர்ந்துவிடும். ஆள் வந்ததும் "என்ன நிலவரம்" என்று கேட்காதீர்கள், அதே பதில்தான் வரும். "எனக்கு ஏதாவது கடிதம் அனுப்பியிருக்கிறீர்களா? எந்தத் தேதியில், எந்த முகவரிக்கு? சராசரி மாதச் சம்பளம் எவ்வளவு என்று போட்டிருக்கிறீர்கள்?" இப்படிக் கேளுங்கள். பேசியவர் பெயரையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். விடுதி மாறிய அன்றே புதிய முகவரியைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் அனுப்புங்கள், கம்பெனி சொல்லிவிடும் என்று இருக்காதீர்கள். அந்த 14 நாட்களை, கடிதம் உங்கள் கைக்கு வந்த அன்றிலிருந்து எண்ணாதீர்கள், கடிதத்தில் உள்ள தேதியிலிருந்தே எண்ணிப் பழகுங்கள்.

ஆங்கிலம் வராது என்று கூச்சப்படாதீர்கள். தமிழ் இந்த நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. எம்ஆர்டி ரயில் நிலைய அறிவிப்புப் பலகையில் நம் எழுத்தைப் பார்த்து முதல் வாரம் நீங்களும் நெஞ்சு நிமிர்ந்திருப்பீர்கள். தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேளுங்கள். மனிதவள அமைச்சின் எண் 6438 5122. நேரில் போக பெண்டிமியர் சாலை 1500-ல் அதன் சேவை நிலையம் இருக்கிறது. வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் உதவி எண் 6536 2692, இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு.

இன்னொன்று. நீங்கள் அழைக்கும் எண் கடிதத்தில் அச்சிட்ட எண்ணாக இருக்கட்டும். அமைச்சிலிருந்து பேசுவதாக ஒரு பதிவுக் குரல் உங்களை அழைத்து, இழப்பீடு வேண்டும் என்றால் ஒன்றை அழுத்துங்கள் என்றால் வைத்துவிடுங்கள். எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறி இருந்தால் அது வெளிநாட்டு அழைப்பு. எந்த அரசு அதிகாரியும் போனில் வங்கி விவரம் கேட்க மாட்டார், பணம் அனுப்பவும் சொல்ல மாட்டார். சந்தேகம் இருந்தால் மோசடி பற்றிக் கேட்கும் உதவி எண்ணான 1799-க்கு அழைத்துக் கேளுங்கள்.

போன மாதம் அதே துவாஸ் விடுதியில் மன்னார்குடிப் பையன் ஒருவனுக்குப் பாயின்ட் போட்டார்கள். நம் தம்பிதான் அவனைக் கூட்டிக்கொண்டு, சம்பளச் சீட்டுகளோடு என் அறைக்கு வந்தான். "அண்ணே, மெஷின்கிட்ட கேக்கல, ஆள்கிட்டயே கேட்டுட்டோம். செவ்வாய்க்கிழமை கடிதம் போட்டிருக்காங்களாம்." மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து ஓவர்டைம் கணக்கைக் கூட்டினோம். ஆறாவது நாளே ஆட்சேபம் போய்விட்டது.