டேப் ஒட்டும் முன் எட்டை அளங்கள்: பக்கவாதத்துக்குப் பிந்தைய நடைப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கவாதம் வந்தவரை மறுபடி நடக்கவைக்கத் தரையில் கோடு போட்டு, அதைப் பார்த்துக் கால் வைக்கச் சொல்வது நல்ல உத்தி. பேச்சு புரியாதவருக்குக்கூடக் கோடு புரியும். புதிதாக வேலைக்கு வரும் பிசியோதெரபிஸ்டுகள் இதில் செய்யும் தவறுகள் வருடாவருடம் மாறுவதில்லை, நாங்களும் செய்தவைதான். ஈரத் தரை, வாதம் வந்த கையைப் பிடித்து இழுப்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்தக் காலின் எட்டு குட்டை என்று பார்க்காமல் கோடு போடுவது

இன்றைக்கும் எரிச்சலூட்டுவது இதுதான். வாதக் கால் இழுத்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும் எல்லோர் கண்ணும் அங்கேயே போகிறது. "அந்தக் காலை இன்னும் கொஞ்சம் தள்ளி வைங்கப்பா" என்று வீட்டார் சொல்வார்கள். பயிற்சி கொடுப்பவரும் அந்தக் காலுக்கென்று தூரத்தில் ஒரு டேப்பை ஒட்டிவிடுவார்.

ஆனால் நிறையப் பேரிடம் குட்டையாக விழுவது நல்ல காலின் எட்டு, அதாவது நல்ல காலை முன்னால் வைக்கும்போது இரு குதிகால்களுக்கும் இடையே விழும் தூரம். நல்ல கால் அந்தரத்தில் இருக்கும் நேரம் முழுக்க உடம்பின் எடையை வாதக் கால் தனியாகத் தாங்கியாக வேண்டும். அதற்குத் தெம்பு போதாது. பின்னாலிருந்து உந்தக் கெண்டைக்கால் தசைக்கும் வலு இல்லை. அதனால் நல்ல கால் அவசர அவசரமாகத் தரைக்கு வந்துவிடுகிறது.

எண்களில் பார்க்கலாம். வாதக் காலின் எட்டு 40 செ.மீ., நல்ல காலின் எட்டு 24 செ.மீ. என்று வையுங்கள். இவருக்கு வாதக் கால் பக்கம் 45 செ.மீ.யில் கோடு போட்டால் என்ன செய்வார்? இடுப்பைத் தூக்கி, உடம்பை நல்ல பக்கம் சாய்த்து, காலை அரைவட்டமாகச் சுழற்றிக் கோட்டைத் தொட்டுவிடுவார். வீடே கைதட்டும். இருந்த வித்தியாசம் பெரிதாகியிருக்கும், சுழற்றும் பழக்கமும் ஊறியிருக்கும். அதைப் பிறகு மாற்றுவது முதல் நாள் வேலையைவிடக் கடினம்.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். நடைபாதையின் ஓரமாக, கால் படாத இடத்தில், 5 மீட்டர் அளவு டேப் ஒன்றை நீட்டி வையுங்கள். போனை முழங்கால் உயரத்தில் பக்கவாட்டில் வைத்து வீடியோ எடுங்கள். எந்த அறிவுரையும் சொல்லாமல் வழக்கமான வேகத்தில் நடக்க விடுங்கள். முதல் 2, கடைசி 2 எட்டுகளைக் கழித்து, ஒரு குதிகாலிலிருந்து மறு குதிகால் வரை அளந்து, ஒவ்வொரு காலுக்கும் 3 எட்டுகளின் சராசரியை எடுங்கள்.

மேலே சொன்னவருக்குக் கோடு நல்ல காலுக்குத்தான்: 24-இலிருந்து 27 செ.மீ., அது பழகியபின் 30. வாதக் காலுக்கு இப்போதைக்குக் கோடே வேண்டாம். அதற்கும் முன்னால் சமையல் மேடையைப் பிடித்து நின்று, நல்ல காலால் ஒரு சாண் முன்னாலுள்ள குறியைத் தொட்டுத் திரும்புவது 10 முறை. அப்போது வாதக் காலின் முட்டி மடங்கினாலோ பின்பக்கம் வெட்டினாலோ நடைக் கோட்டுக்கு இன்னும் நேரம் வரவில்லை.

வாதக் காலின் எட்டே குட்டையாக இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு வீட்டார் சொன்னதே சரி. அதனால்தான் அளக்கச் சொல்வது.

டைல்ஸ் இடுக்கை மறப்பது

2 அடி டைல்ஸ் என்றால் ஏறத்தாழ 60 செ.மீ.க்கு ஒரு கோடு ஏற்கெனவே தரையில் இருக்கிறது. நீங்கள் ஒட்டியதை விட்டுவிட்டு அதை எட்டப் பார்ப்பவர்கள் உண்டு. வெள்ளைத் தரையில் கருநீலம் அல்லது சிவப்பு டேப், 5 செ.மீ. அகலம், இடுக்குகளை விட்டு எடுப்பாகத் தெரிய வேண்டும். புள்ளி புள்ளியான மொசைக் தரையில் மெல்லிய டேப் காணாமல் போகும். கயிறும் குச்சியும் வேண்டாம், காலுக்கடியில் உருளும்.

இடப்பக்கம் தெரிகிறதா என்று கேட்காதது

வலது மூளையில் பாதிப்பு என்றால் இதைச் சோதிக்காமல் டேப்பைத் தொடாதீர்கள். பார்வையில் பாதி போனவர், சொல்லிக் கொடுத்தால் தலையைத் திருப்பிச் சமாளிப்பார். இடப்பக்கப் புறக்கணிப்பு உள்ளவருக்கோ அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே நினைவில் வராது, "தெரிகிறதா?" என்றால் தெரிகிறது என்பார். தாளில் 20 செ.மீ. கோடு கிழித்து நடுவைக் குறிக்கச் சொல்லுங்கள். குறி வலப்பக்கம் நன்றாகத் தள்ளிப் போனால் சந்தேகப்படுங்கள். பாதையின் இடது ஓரம் முழுக்க ஒரு தடித்த சிவப்புப் பட்டை ஒட்டி, ஒவ்வொரு முறையும் அதைத் தேடிப் பார்த்த பிறகே காலெடுக்க வையுங்கள்.

பைஃபோகல் கண்ணாடி

அடிப்பாதி படிப்பதற்கானது; தரை மங்கும். தூரப் பார்வைக் கண்ணாடி மட்டும் போட்டு நடக்கட்டும்.

காலடியையே பார்க்க விடுவது

பார்வை 2 எட்டு முன்னால் இருக்க வேண்டும்.

கோடும் காட்டி, தாளமும் போட்டு, பேசவும் செய்வது

ஒரு நேரத்தில் ஒன்று.

டேப்பை எடுக்க மறப்பது

கோட்டின் மேல் அழகாக நடப்பவர் வாசலுக்கு வந்ததும் பழைய நடைக்குத் திரும்புவது இதனால்தான். எட்டுகள் ஓரளவு சமமானதும் ஒன்றுவிட்டு ஒரு கோட்டை எடுங்கள். அடுத்து முதல் 2 மீட்டருக்கு மட்டும் விட்டுவையுங்கள், பிறகு அதுவும் வேண்டாம். ஒவ்வொரு கட்டத்திலும், கோடே இல்லாத வேறொரு தரையில், மொட்டை மாடியோ வாசல் சிமெண்டோ, மறுபடி வீடியோ எடுத்து அளங்கள். நல்ல கால் அங்கே 24-க்கே இறங்கியிருந்தால், எடுத்த கோடுகளை ஒட்டி முந்தைய கட்டத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான்.