மாணவர் சண்டை காவல் நிலையம் வரை போனால் பெற்றோர் செய்யக்கூடியவை

இடைவேளையில் நடந்த தள்ளுமுள்ளில் ஒரு மாணவனுக்கு உதடு கிழிகிறது. பெற்றோர் அவனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல, அங்கே விபத்துப் பதிவேட்டில் "சக மாணவன் அடித்ததாக" என்று எழுதப்பட்டு, அந்தத் தகவல் காவல் நிலையத்துக்குப் போகிறது. மறுநாள் காலையில் மற்றொரு வீட்டில், "பையனை அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வாருங்கள்" என்று தொலைபேசி ஒலிக்கிறது. புகார் கொடுக்க வேண்டும் என்று யாரும் முடிவெடுக்காமலேயே கூட ஒரு சிறு சண்டை இப்படிக் காவல்துறையின் கைக்குப் போய்விடுவதுண்டு.

அழைப்பு வந்ததும் பேசுகிறவரின் பெயர், பதவி, மனு ரசீது எண் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் சி.எஸ்.ஆர். என்று சொல்லப்படும் அந்த ரசீது, முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) அன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டு பதறும் பெற்றோர் பலர். புலன்விசாரணையில் விவரம் கேட்பதற்காக 15 வயதுக்குட்பட்ட சிறுவனையோ, எந்த வயதுப் பெண்ணையோ, அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறு இடத்துக்கு வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று தற்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே வீட்டுக்கு வந்து விசாரிக்கும்படி பணிவாகக் கேட்பது சட்டத்துக்கு உட்பட்ட கோரிக்கையே.

குற்றம் சாட்டப்பட்டிருப்பது உங்கள் குழந்தையின் மீது என்றால், 18 வயது நிறையாத எவருக்கும் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமே பொருந்தும். அதன் கீழ் 2016இல் வந்த மாதிரி விதிகளின் 8ஆம் விதிதான் பெற்றோர் முதலில் அறிய வேண்டியது: குறைந்தபட்சமாகவே 7 ஆண்டுச் சிறை விதிக்கப்படும் கொடுங்குற்றமாக இருந்தாலோ, பெரியவர்களுடன் சேர்ந்து செய்ததாகச் சொல்லப்பட்டாலோ தவிர, குழந்தையின் மீது முதல் தகவல் அறிக்கை பதியக் கூடாது. மற்றவற்றில் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் தகவலை எழுதி, குழந்தையின் சமூகப் பின்னணி அறிக்கையுடன், சிறார் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். பல் உடைவதும் எலும்பு முறிவதும் சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம். ஆயினும் அதற்கும் இந்த விலக்கு உண்டு.

அந்த விதியில் உள்ள 'பெரியவர்களுடன் சேர்ந்து' என்ற சொற்களைச் சற்று நிதானமாகப் படியுங்கள். பிள்ளைகள் மறுநாளே மறந்துவிடக்கூடிய ஒரு சண்டைக்காக அப்பாவும் மாமாவும் பள்ளி வாசலில் போய் நின்று கைநீட்டினால், "மகனும் தந்தையும் சேர்ந்து அடித்தார்கள்" என்று எதிர்ப் புகார் எழுத வழி பிறக்கிறது. அதுவரை இல்லாத முதல் தகவல் அறிக்கைக்கும் அப்போதுதான் இடம் கிடைக்கிறது. எதிர்த் தரப்பு வீட்டுக்கு நேரில் போய்ப் பேசுவதைக்கூட, தலைமையாசிரியர் முன்னிலையில் பேசலாம் என்று மாற்றிவிடுவது நல்லது.

விசாரணையின்போது குழந்தையுடன் நீங்கள் இருக்கலாம். பேசுகிறவர் அந்த நிலையத்தின் குழந்தை நலக் காவல் அலுவலராக, சீருடை அணியாதவராக இருக்க வேண்டும். விலங்கிடுவதற்கும், லாக்கப்பில் வைப்பதற்கும், ஒப்புக்கொள்ளச் சொல்லி வற்புறுத்துவதற்கும், வாக்குமூலம் எதிலும் குழந்தையிடம் கையெழுத்து வாங்குவதற்கும் தடை உள்ளது. நடைமுறையில் இடறும் இடம் இந்தக் கையெழுத்துதான்: "எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், முடிந்துவிடும்" என்பார்கள். சமரசமாகப் போவதில் தவறில்லை. ஆனால் கடிதத்தைப் பெற்றோர் பெயரில் எழுதி, இரு தரப்பும் மேற்கொண்டு பிரச்சினை செய்வதில்லை என்ற அளவில் நிறுத்தி, ஒரு பிரதியைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். தயக்கம் இருந்தால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இலவச உதவி கேட்கலாம்.

காயம்பட்டது உங்கள் குழந்தை என்றால், முதல் மனு தலைமையாசிரியருக்குத்தான் எழுதப்பட வேண்டும் என்பது என் கருத்து. தேதி, நேரம், இடம் குறிப்பிட்டு எழுதி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம் வாங்கி, கண்காணிப்புக் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி அதிலேயே கேளுங்கள். பள்ளி அசையாவிட்டால் தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண்ணான 1098 ஆகியவை இருக்கின்றன. காவல் நிலையத்தை முதலிலேயே நாடினாலும், சாதாரணக் காயம் ஏற்படுத்துதல் என்பது நீதித்துறை நடுவரின் உத்தரவின்றிக் காவல்துறை புலன்விசாரணை செய்ய முடியாத குற்றம். தவிர, 7 வயதுக்குட்பட்ட குழந்தையின் எந்தச் செயலும் குற்றமே அன்று. அடித்த மாணவனின் படத்தையோ பெயரையோ வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். சட்டத்தின் முன் நிறுத்தப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதற்கு 6 மாதம் வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

பாலியல் சீண்டல், ஆயுதம், சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துதல் ஆகியவை சிறு சண்டை அல்ல. அங்கே சமரசம் பேசிக் காலம் கடத்தக் கூடாது. வகுப்பறைப் பகை அரிவாளாக வீடு தேடி வந்ததை 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பார்த்தோம்.

விவகாரம் இளைஞர் நீதிக் குழுமத்துக்கே போனாலும் அது வழக்கமான நீதிமன்றம் அன்று: ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் அமர்ந்து விசாரிப்பார்கள். சிறு குற்றத்துக்கான விசாரணையை 4 மாதத்தில் முடிக்க வேண்டும். மேலும் 2 மாத நீட்டிப்புக்குப் பிறகும் முடியாவிட்டால் அது தானாகவே கைவிடப்படும். சண்டையைக் காரணம் காட்டி, எட்டாம் வகுப்பு முடிக்காத குழந்தையைப் பள்ளி வெளியேற்றவும் முடியாது. மாற்றுச் சான்றிதழை 'நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்' என்று பள்ளி சொன்னால், அதை எழுத்தில் தரும்படி கேளுங்கள்.