வணிக மென்பொருளுக்குத் தானியங்கிச் சோதனைக் கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கருவிகளின் வசதிப் பட்டியல்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதற்கு முன், சோதிக்க வேண்டிய மென்பொருளின் திரைகள் எவை, அவை எங்கே இயங்குகின்றன என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். எஸ்ஏபி என்ற நிறுவன நிர்வாக மென்பொருளைப் பயன்படுத்தும் ஒரு நிறுவனத்தில், கொள்முதல் பிரிவினர் கணினியில் நிறுவப்பட்ட எஸ்ஏபி ஜியூஐ என்ற செயலி வழியாகக் கொள்முதல் ஆணையைப் பதிவு செய்வார்கள். மேலாளர் அதற்கு பிரவுசரில் திறக்கும், ஃபியோரி எனப்படும் எஸ்ஏபி திரையில் ஒப்புதல் தருவார். செலினியம், பிளேரைட், சைப்ரஸ் ஆகிய மூன்று சோதனைக் கருவிகளும் பிரவுசருக்கானவை என்பதால், விண்டோஸில் ஓடும் ஜியூஐ திரையை அவற்றால் இயக்க முடியாது. யுஎஃப்டி, டோஸ்கா போன்ற கட்டணக் கருவிகள் இரண்டு வகைத் திரைகளையும் கையாளும். எஸ்ஏபி சர்வரில், கருவிகள் ஜியூஐ திரையை இயக்க உதவும் ஜியூஐ ஸ்கிரிப்டிங் வசதி இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டிருப்பதால், கருவிகளை முயன்று பார்க்கும் முன்னோட்டக் காலம் தொடங்கும் முன்பே, எஸ்ஏபி சர்வரை நிர்வகிக்கும் பேசிஸ் குழுவிடம் அதற்கு அனுமதி பெற்றுவிடுவது நல்லது.

எல்லாத் திரைகளும் பிரவுசரிலேயே இருந்தால் கட்டணமற்ற கருவிகளே பெரும்பாலும் போதும். 2004இல் தோன்றிய செலினியம் ஜாவா, பைத்தான், சி ஷார்ப் எனப் பல மொழிகளில் எழுத இடம் தருகிறது. ஆனால் திரை தயாராகும் வரை காத்திருக்கும் கட்டளைகளை எழுதுபவரே கவனமாகச் சேர்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2020இல் வெளியிட்ட பிளேரைட், பட்டன் தெரிந்து அழுத்தத்தக்க நிலைக்கு வரும் வரை தானே காத்திருக்கும். சைப்ரஸில் ஜாவாஸ்கிரிப்ட் அல்லது டைப்ஸ்கிரிப்டில் மட்டுமே எழுத முடியும். ஒரே சோதனையில் பல டேப்களை இயக்குவதும் அதற்கு ஒத்துவராது. விலைப்பட்டியலைப் புதிய டேப்பில் திறக்கும் மென்பொருளுக்கு இது சிறிய குறை அல்ல.

அடுத்து, விற்பனையாளர் காட்டும் மாதிரித் தளத்தை ஒதுக்கிவிட்டு, நம்முடைய மிக நீண்ட பணியோட்டம் ஒன்றை, அதாவது கொள்முதல் ஆணையிலிருந்து சரக்கு வரவு வழியாக விலைப்பட்டியல் பதிவு வரையிலான ஓட்டத்தை, ஒவ்வொரு கருவியிலும் எழுதிப் பார்க்க வேண்டும். நாம் திரையில் செய்வதைச் சோதனையாகப் பதிவு செய்யும் ரெக்கார்டர் தருவதை அப்படியே ஏற்காமல், அது ஒவ்வொரு பட்டனையும் எதை வைத்து அடையாளம் காண்கிறது என்று பார்ப்பது அவசியம். ஃபியோரி திரைகளில் 'பட்டன்12' என்பது போல வரிசை எண்ணுடன் தானாக உருவாகும் ஐடிகள், அதாவது அடையாளப் பெயர்கள், உண்டு. திரையில் ஒரு பட்டன் கூடினாலோ குறைந்தாலோ அந்த எண் மாறிவிடக்கூடும். லேபிளையோ நிலையான ஐடியையோ பற்றிக்கொள்ளும் கருவியே பராமரிப்பில் உழைப்பை மிச்சப்படுத்தும்.

சோதனை ஓடிவிட்டது என்பதோடு ஒப்பீடு முடிந்துவிடாது. வரிக் குறியீட்டை வேண்டுமென்றே மாற்றி மொத்தத் தொகையைத் தவறாக வரச் செய்யுங்கள். அப்போதும் பச்சை விளக்கு எரிந்தால், அந்தச் சோதனை திரைகளைக் கடந்து போகிறதே தவிர எதையும் சரிபார்க்கவில்லை. பிறகு ஒரு லேபிளை மாற்றிச் சோதனையை உடைத்து, எழுதியவர் அல்லாத இன்னொருவரிடம் அறிக்கையை மட்டும் கொடுத்து, காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். என் கணிப்பில், வேறெந்த மதிப்பெண்ணையும்விட இந்த நேரத்துக்கே அதிக எடை தர வேண்டும். ஆண்டுக்கு மூன்று பெரிய புதுப்பிப்புகளை வெளியிடும் சேல்ஸ்ஃபோர்ஸ் போன்ற வாடிக்கையாளர் நிர்வாக மென்பொருளில் இந்த வேலை ஓயாமல் திரும்பி வரும்.

கட்டணக் கருவி என்றால் உரிமத் தொகையோடு அதன் எதிர்காலத்தையும் விசாரிக்க வேண்டும். மெர்குரி நிறுவனத்திடமிருந்து 2006இல் ஹெச்பிக்கும், பின்னர் மைக்ரோ ஃபோகஸுக்கும், 2023இல் ஓப்பன்டெக்ஸ்டுக்கும் கைமாறிய யுஎஃப்டியில் சோதனைகள் வழக்கமாக விபிஸ்கிரிப்டில் எழுதப்படுகின்றன. அந்த மொழியை விண்டோஸிலிருந்து படிப்படியாக நீக்கப் போவதாக மைக்ரோசாஃப்ட் 2023இல் அறிவித்துவிட்டது. பழைய ஸ்கிரிப்டுகளுக்கு என்ன வழி என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் பெறுங்கள்.

முன்னோட்டத்தில் வரும் எல்லாத் தோல்விகளையும் கருவியின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. மாத முடிவில் கணக்குக் காலம் மூடப்பட்டதும், நேற்று வரை ஓடிய விலைப்பட்டியல் சோதனை இன்று நிற்கும். ஏற்கெனவே முழுச் சரக்கும் வரவு வைக்கப்பட்ட ஆணை எண்ணைச் சோதனை மீண்டும் எடுத்தாலும் அப்படியே. இவை சோதனைத் தரவின் சிக்கல்கள் என்பதால், ஒவ்வொரு ஓட்டமும் தனக்கான ஆணையைத் தானே உருவாக்கிக்கொள்ளும்படி எழுதிய பிறகே கருவிகளுக்கு மதிப்பெண் இட வேண்டும்.