விகுதி சொல்வதை ஆங்கிலத்தில் சொல் சொல்ல வேண்டும்: வேலையிடத்தில் எழுதும் முறை

‘அனுப்புங்க’ என்பதில் மரியாதை இருக்கிறது, ‘அனுப்பு’ என்பதில் இல்லை. அந்த வேலையை ஒரு ‘ங்க’ முடித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘சென்ட்’ என்ற சொல்லோடு ஒட்டிக்கொள்ள ‘ங்க’ கிடையாது. அதனால் மனத்துக்குள் பணிவாக நினைத்து எழுதிய வரி, படிக்கிறவர் கண்ணுக்கு அதட்டலாகப் போய்ச் சேர்கிறது.

சிங்கப்பூரில் கட்டுமானத் தளமோ கப்பல் பட்டறையோ கிடங்கோ அலுவலகமோ, வாயால் தமிழும் மலாயும் மாண்டரினும் பேசினாலும் எழுத்து என்று வந்தால் அது ஆங்கிலம்தான். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘எ’ வருமா ‘த’ வருமா என்று தடுமாறுவதால் பெரும்பாலும் எதுவும் கெட்டுப்போவதில்லை, படிப்பவர் புரிந்துகொள்வார். தமிழ் விகுதி சத்தமில்லாமல் சொல்லிவிடும் செய்தி ஆங்கிலத்துக்குப் போகும்போது உதிர்ந்துவிடுவதுதான் வேலையைக் கெடுக்கிறது. அப்படி உதிரும் இடங்கள் நான்கைந்துதான். அவற்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால், பள்ளியில் படித்த ஆங்கிலமே வேலைக்குப் போதும்.

கேட்பது முதல் வரியில்

தமிழில் வினை கடைசியில் வரும். காரணத்தை எல்லாம் சொல்லி முடித்த பிறகு, ‘ஆகவே ஒப்புதல் கொடுங்க’ என்று முடிப்பது நமக்கு இயல்பு. பழுதான ஒரு பம்புக்குச் செலவு ஒப்புதல் கேட்டு அதே வரிசையில் ஆங்கில மின்னஞ்சல் எழுதினால், மேலாளர் கைப்பேசித் திரையில் பார்க்கும் முதல் இரண்டு வரியில் பம்பின் வரலாறு மட்டும்தான் இருக்கும், நீங்கள் கேட்டது இருக்காது. அவர் ‘தகவல் சொல்கிறார்கள் போல’ என்று நினைத்து அடுத்த அஞ்சலுக்குப் போய்விடுவார். பதில் வராததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஆகவே அஞ்சலைத் தலைகீழாகக் கட்டுங்கள். தலைப்பு வரியில் என்ன வேண்டும், எப்போதைக்குள், எதற்கு என்ற மூன்றும் வரட்டும். ‘பம்ப் ப்ராப்ளம்’ என்று மட்டும் போட்டால் மூன்று மாதம் கழித்துத் தேடும்போது நாற்பது ‘பம்ப் ப்ராப்ளம்’ வந்து நிற்கும். இப்படி இருக்கட்டும்:

‘அப்ரூவல் நீடட் பை 14 ஆகஸ்ட்: பம்ப் சீல், லெவல் 3’

உள்ளே:

‘டியர் மிஸ்டர் லிம்,
குட் யூ ப்ளீஸ் அப்ரூவ் 480 டாலர்ஸ் ஃபார் எ நியூ பம்ப் சீல் பை 3 பி.எம். ஆன் ஃப்ரைடே, 14 ஆகஸ்ட்?
த லெவல் 3 பம்ப் ஹாஸ் பீன் டவுன் சின்ஸ் 11 ஆகஸ்ட். த டெக்னீஷியன் செக்ட் இட் ஆன் 12 ஆகஸ்ட் அண்ட் ஃபவுண்ட் த சீல் வோர்ன் அவுட். த கொட்டேஷன் இஸ் அட்டாச்ட்.
இஃப் ஐ ஆர்டர் ஆன் ஃப்ரைடே, த சப்ளையர் கேன் டெலிவர் ஆன் மண்டே, 17 ஆகஸ்ட்.’

நான்கே பகுதிதான். என்ன வேண்டும், ஏன், ஆதாரம் எங்கே, ஒப்புதல் கிடைத்தால் அடுத்து என்ன. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். தாமதித்தால் என்ன ஆகும் என்பதை மிரட்டாமல் சொல்லும் வரி அது. ‘அட்டாச்ட்’ என்று எழுதும்போதே கோப்பை இணைத்துவிடுங்கள். எழுதி முடித்த பிறகு இணைப்போம் என்றால் மறந்துபோகும்.

மரியாதை எங்கே உட்காருகிறது

‘ங்க’ இல்லாத குறையைச் சரிக்கட்ட நம்மில் பலர் ‘ரெஸ்பெக்டட் சார், ஐ ஹம்ப்ளி ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்று அடுக்குகிறோம். இங்குள்ள அலுவலகங்களில் இந்த அடுக்கு பழைய மனுவைப் போலத் தெரியும். அதைவிடப் பெரிய கோளாறு, ‘நீட்ஃபுல்’ என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதே அதில் இல்லை. படிவத்தில் கையெழுத்தா, பொருள் வாங்கவா, யாருக்காவது ஃபோன் போடவா? செய்ய வேண்டிய செயலை அதன் பெயரால் எழுதுங்கள்: ‘சைன்’, ‘ஆர்டர்’, ‘கால்’.

மரியாதையைச் சுமப்பது ‘குட் யூ ப்ளீஸ்’ என்ற தொடக்கம். ஓர் அஞ்சலுக்கு ஒரு ‘ப்ளீஸ்’ போதும். ‘யூ மஸ்ட்’, ‘யூ ஷுட்’, ‘யூ ஹாவ் டு’ மூன்றையும் மேலதிகாரிக்கோ வாடிக்கையாளருக்கோ எழுதவே வேண்டாம். ‘நீங்க அனுப்பணும்’ என்பதில் உள்ள ‘நீங்க’ ஆங்கிலத்துக்குப் போகும்போது வெறும் ‘யூ’ ஆகி, ‘ணும்’ மட்டும் மிஞ்சிவிடுகிறது.

ஊரில் பழகிய சில ஆங்கிலச் சொற்கள் இங்கே வேறு பொருள் தரும். ‘ஐ ஹாவ் எ டவுட்’ என்று எழுதினால் நாம் சந்தேகம் கேட்கிறோம் என்று நினைக்கிறோம். படிப்பவருக்கோ, ‘உங்கள் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை’ என்று விழும். ‘ஐ ஹாவ் எ க்வெஸ்சன்’ என்று எழுதுங்கள். தேதியை முன்னுக்குக் கொண்டுவருவதைச் சொல்லும் ‘ப்ரீபோன்’ பலருக்குப் புரியாது, ‘ப்ரிங் ஃபார்வர்ட்’ புரியும். ‘ரிவர்ட்’ என்பதைப் பதில் என்ற பொருளில் சிங்கப்பூர் அலுவலகங்களிலும் புழங்குகிறார்கள், ஆனால் ‘ரிப்ளை’ எங்கேயும் ஏமாற்றாது.

பெயரில் மரியாதை தனி. சீனப் பெயரில் குடும்பப் பெயர் வழக்கமாக முதலில் நிற்கும். முதல் சொல் டான் என்றால் ‘மிஸ்டர் டான்’, கடைசிச் சொல்லைப் பிடித்து ‘மிஸ்டர்’ போடக் கூடாது. மலாய்ப் பெயரில் ‘பின்’, ‘பிந்தே’ என்பதற்குப் பின்னால் வருவது தந்தை பெயர். ஆகவே அதற்கு முன்னால் உள்ள பெயரோடுதான் ‘மிஸ்டர்’, ‘மிஸ்’ சேரும். ஆணா பெண்ணா தெரியவில்லை என்றால் முழுப் பெயரையும் எழுதிவிடுங்கள், அதில் தவறே இல்லை.

நாம், நாங்கள், ‘வீ’

தமிழில் ‘நாளைக்கு நாங்க பார்க்கிறோம்’ என்றால் எதிரில் இருப்பவர் அதில் சேரவில்லை. ‘நாம பார்ப்போம்’ என்றால் அவரும் சேர்ந்தாயிற்று. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘வீ’. ‘வீ வில் செக் த வால்வ் டுமாரோ’ என்று துணைக் குத்தகையாளர் எழுதுவார். பிரதான குத்தகையாளர் தம் ஆளும் வர வேண்டுமென்று நினைப்பார், அல்லது இவர்களே முடித்துவிடுவார்கள் என்று விட்டுவிடுவார். மறுநாள் வால்வு அருகே இரண்டு பேர் நிற்பார்கள், அல்லது யாருமே நிற்க மாட்டார்கள்.

‘வீ’ எழுதும்போதெல்லாம், நினைத்தது ‘நாம்’ ஆ ‘நாங்கள்’ ஆ என்று ஒரு நொடி பாருங்கள். ‘நாங்கள்’ என்றால் ஆளையோ குழுவையோ பெயர் சொல்லுங்கள்: ‘அவர் எம் அண்ட் இ டீம் வில் செக்’ (எங்கள் இயந்திர, மின் வேலைக் குழு பார்க்கும்). ‘நாம்’ என்றால் பிரித்தே எழுதுங்கள்: ‘அவர் டீம் வில் ஓப்பன் த வால்வ். ப்ளீஸ் சென்ட் யுவர் சூப்பர்வைசர் அட் 9 ஏ.எம்.’

‘ஆம்’ தொலைந்தால் அறிக்கை பொய்யாகும்

மிகுந்த கவனம் தேவைப்படுவது இங்கேதான். ‘ஏணி வழுக்கிச்சாம்’ என்று சொன்னால், நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள் என்பது அந்த ‘ஆம்’ விகுதியிலேயே அடங்கிவிடுகிறது. அதையே ஆங்கில விபத்து அறிக்கையில் ‘த லேடர் ஸ்லிப்ட்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், நீங்கள் கண்ணால் கண்ட சாட்சி ஆகிவிடுகிறீர்கள். பிறகு விசாரணையில் ‘நீங்கள் எங்கே நின்றீர்கள்?’ என்று கேட்டால் தடுமாற வேண்டிவரும். அறிக்கையில் மற்றவையெல்லாம் உண்மையாக இருந்தும் இந்த ஒரு வரியால் முழுதும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

வேலையிடக் காயத்துக்காக ஊழியருக்கு மருத்துவ விடுப்பு கொடுக்கப்பட்டால், அது தமக்குத் தெரியவந்ததிலிருந்து 10 நாட்களுக்குள் முதலாளி மனிதவள அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்புக்கு அடிப்படை, தளத்தில் இருந்தவர்கள் எழுதிக் கொடுக்கும் வரிகள்தான். அன்றே எழுதுங்கள், இந்த வரிசையில்:

முதலில் தேதி, நேரம், இடம். நேரத்தை 24 மணிக் கணக்கில் எழுதுங்கள்: ‘1420’. இடம் ‘சைட்’ என்று மட்டும் இருந்தால் போதாது. புளோக், மாடி, அருகிலுள்ள தூண் எண் அல்லது இயந்திரத்தின் எண் வேண்டும்.

அடுத்து நீங்கள் பார்த்தது: ‘ஐ சா’. கேட்டது: ‘ஐ ஹெர்ட்’. பிறர் சொன்னது, சொன்னவரின் பெயரோடு அல்லது பணியோடு: ‘த ரிக்கர் டோல்ட் மீ தட் த லேடர் ஸ்லிப்ட்’ (ரிக்கர் என்றால் பளு தூக்கக் கயிறு கட்டுபவர்). இந்த மூன்று தொடக்கமும் சேர்ந்து ‘ஆம்’ விகுதியின் வேலையைச் செய்கின்றன. வரிக்கு வரி இவற்றில் ஒன்று இருந்தால் நல்லது.

பிறகு, உடனே என்ன செய்யப்பட்டது, யாருக்குச் சொல்லப்பட்டது, எத்தனை மணிக்கு.

‘ஹீ வாஸ் கேர்லெஸ்’ போன்ற தீர்ப்பு வரி வேண்டாம். அவர் கையுறை போடவில்லை என்பதை நீங்கள் பார்த்திருந்தால் ‘ஹீ வாஸ் நாட் வேரிங் க்ளவ்ஸ்’ என்று பார்த்ததை எழுதுங்கள். கவனக்குறைவா இல்லையா என்பதை விசாரிப்பவர் முடிவு செய்யட்டும். காயம்பட்டவர் பெரும்பாலும் விடுதியில் நம் பக்கத்துப் படுக்கைக்காரராகவே இருப்பார். ஒரு சொல்லால் அவருடைய இழப்பீட்டைச் சிக்கலாக்கிவிடக் கூடாது.

மொழிபெயர்ப்புச் செயலியில் தமிழைப் போட்டு ஆங்கிலத்தை எடுப்பவர்கள் ‘ஆம்’, ‘நாங்கள்’ இரண்டும் சரியாக வந்திருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். பெயர், அடையாள எண், வாடிக்கையாளர் விவரம் எதையும் அதில் ஒட்டாதீர்கள்.

நாளும் எண்ணும்

‘வெள்ளிக்குள்ள’, ‘வெள்ளி வரைக்கும்’ இரண்டையும் குழப்பாத தமிழர், ஆங்கிலத்தில் ‘பை’, ‘டில்’ இரண்டையும் குழப்புகிறார். ‘பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்குள் ஒருமுறை முடிக்க வேண்டிய வேலை. ‘டில் ஃப்ரைடே’ என்றால் வெள்ளி வரை தொடர்ந்து நடக்கும் வேலை. ‘ப்ளீஸ் சப்மிட் டில் ஃப்ரைடே’ என்பது பிழை. ‘ஐ ஆம் ஆன் லீவ் டில் 14 ஆகஸ்ட்’ என்பதில் பிழை இல்லை, ஆனால் 14ஆம் தேதி வருவாரா மாட்டாரா என்ற கேள்வி நிற்கிறது. ‘ஐ வில் பி பேக் ஆன் 17 ஆகஸ்ட்’ என்று திரும்பும் நாளைச் சொன்னால் கேள்வியே எழாது.

‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ வேண்டாம். கிழமையும் தேதியும் சேர்த்து எழுதுங்கள், ஒன்று தவறினால் மற்றொன்று காட்டிக்கொடுக்கும். 04/05 என்று எண்ணால் எழுதினால் சிங்கப்பூரில் மே 4, அமெரிக்க வாடிக்கையாளருக்கு ஏப்ரல் 5. மாதத்தை எழுத்தால் எழுதுங்கள்.

லட்சமும் கோடியும் இங்கே எழுத்தில் செல்லாது. 2,00,000 என்று காற்புள்ளி வைத்தால் பிழை என்று திருப்பி அனுப்புவார்கள். 200,000 என்று எழுதுங்கள்.

‘தான்’ என்பதை ‘ஒன்லி’ ஆக்கும் பழக்கம்: ‘ஹீ ஒன்லி டோல்ட் மீ’ என்றால் ‘அவர்தான் சொன்னார்’ என்று வராது. ‘இட் வாஸ் ஹிம் ஹூ டோல்ட் மீ’ என்று சுற்றவும் வேண்டாம், பெயரைச் சொல்லி ‘டோல்ட் மீ’ என்றாலே போதும். ‘நேத்தே அனுப்பியிருக்கேன்’ என்பதும் ‘ஐ ஹாவ் சென்ட் யெஸ்டர்டே’ ஆகாது. நாள் குறிப்பிட்டால் ‘ஐ சென்ட் இட் யெஸ்டர்டே’தான்.

வாட்ஸ்அப், எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்), நினைவூட்டல்

படம் அனுப்பினால் கீழே இடமும் கேள்வியும் எழுதுங்கள். வெறும் படம் நாற்பது செய்திக்கு மேலே போய்விட்டால் அது எந்த மாடி என்று யாருக்கும் தெரியாது. ‘காலையிலா மதியமா?’ என்று கேட்டால் ‘கேன்’ என்று பதில் போடாதீர்கள். பேச்சில் ‘கேன்’ அழகாக வேலை செய்கிறது, எழுத்தில் எது முடியும் என்று சொல்ல வேண்டும்: ‘10 ஏ.எம். இஸ் ஓகே’.

உடம்பு சரியில்லை என்றால் வேலைக்கு வராததை 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது வேலைவாய்ப்புச் சட்டம். அவ்வளவு நேரம் காத்திருக்காமல் வேலை தொடங்கும் முன்பே அனுப்புங்கள்: ‘ஐ ஆம் அன்வெல் அண்ட் வில் சீ எ டாக்டர் திஸ் மார்னிங். ஐ வில் சென்ட் த எம்சி பை 12 நூன்.’ வயிற்றுப்போக்கா காய்ச்சலா என்று குழுவில் விவரிக்கத் தேவையில்லை. உங்கள் கையில் இருந்த சாவி, படிவம், அரைகுறை வேலை யாரிடம் என்பதை மட்டும் இன்னொரு வரியில் சேருங்கள்.

பதில் வராத அஞ்சலுக்கு இரண்டு வேலை நாள் கழித்து, அதே அஞ்சல் தொடரிலேயே நினைவூட்டுங்கள். ‘ஆஸ் பெர் மை லாஸ்ட் ஈமெயில்’ என்று தொடங்கினால் கோபம் தெரியும். கேள்வியை மறுபடி முழுதாக எழுதுங்கள், அவர் கீழே உருட்டிப் பார்க்க மாட்டார். ‘டு’ என்ற இடத்தில் செயல்பட வேண்டியவர் மட்டும், ‘சிசி’யில் தெரிந்துகொள்ள வேண்டியவர். நினைவூட்டும்போது திடீரென்று அவருடைய மேலாளரைச் ‘சிசி’யில் போட்டால் அதைப் புகாராகவே எடுத்துக்கொள்வார்கள்.

வேலையை விடும்போது

பதவி விலகல் கடிதத்தில் மனக்குறை வேண்டாம். மூன்று தகவல் போதும்: விலகுகிறேன், முன்னறிவிப்புக் காலம் இவ்வளவு, கடைசி வேலை நாள் இது. காலம் உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும். ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் வேலைவாய்ப்புச் சட்டப்படி, 26 வாரத்துக்குக் குறைவாக வேலை பார்த்தவருக்கு 1 நாள், 26 வாரம் முதல் 2 ஆண்டுக்குள் என்றால் 1 வாரம், 2 முதல் 5 ஆண்டுக்குள் 2 வாரம், 5 ஆண்டும் அதற்கு மேலும் 4 வாரம். கடிதம் கொடுத்த நாளும் கணக்கில் சேரும். ஒரு மாத முன்னறிவிப்பை ஆகஸ்ட் 1 அன்று கொடுத்தால் ‘மை லாஸ்ட் டே வில் பி 31 ஆகஸ்ட்’ என்று எழுத வேண்டும். ‘ஆஃப்டர் ஒன் மந்த்’ என்று பொதுவாக எழுதினால் கடைசிச் சம்பளத்தில் ஒரு நாள் கணக்கு இடிக்கும். மின்னஞ்சலாக அனுப்புங்கள், ஒரு நகலை அலுவலக முகவரி அல்லாத உங்கள் சொந்த முகவரிக்கும் போட்டு வையுங்கள்.