மழைக்காலத்தில் மலசலகூடக் குழி இழுக்காவிட்டால்

கொமட் ஒன்றில் மட்டும் தண்ணீர் மெதுவாக இறங்கினால் அடைப்பு அதன் குழாயில்தான். மலசலத் தொட்டியோடு (செப்டிக் டேங்க்) இணைந்த எல்லாமே தேங்கினால் தொட்டி மூடியைத் திறந்து தள்ளி நின்று பாருங்கள். நீர்மட்டம் வெளியேறும் குழாயின் அடிவிளிம்பில் நின்றால், வீட்டிலிருந்து வரும் குழாய் அடைத்திருக்கிறது. அதற்கு மேல் ஏறியிருந்தால் கோளாறு வெளியேறும் குழாயில், அல்லது தொட்டி நீரை மண்ணுக்குள் ஊறவிடும் உறிஞ்சுகுழியில்.

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மண் ஊறிக் கிடக்கும். குழி நீரை இழுக்காது. அப்போது பவுசர் (கழிவு உறிஞ்சும் லொறி) பிடித்து இறைத்தாலும் சீக்கிரமே நிரம்பிவிடும், காசுதான் வீண். முதலில் கூரைத் தண்ணீரையும் மேல்சரிவிலிருந்து ஓடிவருவதையும் கான் வெட்டித் திருப்புங்கள்.

நீளக் கம்பில் வெள்ளைத் துணி சுற்றித் தொட்டியின் அடிவரை இறக்குங்கள். துணியில் படிந்த கறுப்புச் சேறு தொட்டி நீரின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் இறைக்க வேண்டும். யாரும் உள்ளே இறங்கவே கூடாது. நச்சுவாயு ஆளைக் கொன்றுவிடும்.